அனலைதீவில் ஒரு பிரதி

எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்குகிற அறை ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மூட்டைகளை விறாந்தைக்குத் தள்ளிவிட்டு அதை என் அலுவலக அறை ஆக்கினேன். எங்கள் தீவுக் கிராமமான சுருவிலில் ஒரு பெண் தனக்கு அலுவலகம் இருக்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். ஒரு மேசை, ஒரு கதிரை, கணினி, ஸ்கானர், கடதாசி அடுக்கிய அலுமாரி. இவற்றை வைத்துக்கொண்டு நான் கல்வெட்டு செய்கிறேன்.

கல்லில் வெட்டுகிற கல்வெட்டு அல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சிறு புத்தகம் அடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். முன் அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புலம்பியதாக நான் எழுதிக்கொடுக்கும் பாட்டுகள், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். தட்டச்சு, பக்க அமைப்பு, படங்களைத் துப்புரவாக்குவது எல்லாம் என் வேலை. முடிந்ததும் ரவுணில், அதாவது பட்டணத்தில், உள்ள அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவேன்.

இந்த வேலையில் கஷ்டமானது படம்தான். சண்டைக்குப் பயந்து தீவுப்பகுதிச் சனம் மொத்தமாக வெளிக்கிட்டு ஓடிய காலத்தில் காணி உறுதியையும் நகையையும் எடுத்தவர்கள் பட அல்பத்தை எடுக்கவில்லை. அதற்காக நான் யாரையும் குறை சொல்லமாட்டேன், எங்கள் அம்மாவும் எடுக்கவில்லை. அதனால் பல வீடுகளில் ஒருவருக்கு ஒரேயொரு படம்தான் மிஞ்சியிருக்கும். அடையாள அட்டையில் ஒட்டிய படம், இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய கலியாண வீட்டில் பின்வரிசையில் பாதி முகம். கொண்டுவரும் படங்கள் எல்லாவற்றையும், புத்தகத்துக்கு வேண்டியதோ வேண்டாததோ, நான் ஸ்கான் பண்ணிவிடுவேன். ஒன்றையும் அழித்ததில்லை. ஆரம்பத்தில் அது வெறும் சோம்பல். பிறகு ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். "அக்கா, ஐயான்ர படம் வெள்ளத்திலை போட்டுது, உங்களிட்டை இருக்கோ?" "அம்மான்ர படத்தைக் கரையான் அரிச்சுப்போட்டுது, பிள்ளை." நான் தேடி எடுத்துக் கொடுப்பேன். இப்படியே யாரும் கேட்காமல், நானும் நினைக்காமல், அரைவாசித் தீவின் முகங்கள் என் மேசையில் இருந்த ஒரு கறுத்த ஹார்ட் டிஸ்க்குக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

போன சித்திரையில் ஒரு காலை அந்த டிஸ்க் டிக் டிக் என்றது. இவர், அதாவது என் கணவர், வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பல்லியாக்கும்" என்றார். பல்லி இல்லை. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் கணினி நெடுநேரம் யோசித்தது, பிறகு இல்லை என்றது, பிறகு இருக்கு என்றது. இரண்டு நாள் அதற்குப் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு கோப்புறையாகக் கணினிக்கு மாற்றினேன். சோறும் அந்த மேசையில்தான். கடைசியில் ஒரு கோப்புறை மட்டும் வரவில்லை. நல்லகாலம், அது நான் பழகிய நாட்களில் செய்த காலண்டர் ஒன்று.

மூன்றாம் நாள் முதல் பஸ்சில் பண்ணைப் பாலம் தாண்டி ரவுணுக்குப் போனேன். நான் வழக்கமாக மை வாங்கும் கணினிக்கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், பொறுமையானவர். இன்னொரு பெரிய டிஸ்க் தாரும் தம்பி என்றேன்.

"நீங்கள் கேக்கிறது டிஸ்க் இல்லை அக்கா. உங்களுக்கு நாஸ்தான் வேணும்" என்றார்.

அது என்ன கண்டறியாத நாஸ் என்று கேட்டேன். ஒரு பெட்டியைக் காட்டினார். கடையில் விற்கிற பெரிய பாண் ரொட்டி அளவுதான். உள்ளே இரண்டு டிஸ்க் போடலாம். வீட்டு ரவுட்டரில் கொழுவி விட்டால் எந்தக் கணினியில் இருந்தும் அதற்குள் வைக்கலாம், எடுக்கலாம். ஒரு டிஸ்கில் எழுதுவதை மற்றதிலும் அதுவே எழுதிக்கொள்ளும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். நாலு டிஸ்க் போடுகிற பெட்டியும் இருந்தது. என் வேலைக்கு அது தேவையில்லை என்று அவரே சொல்லிவிட்டார். விற்கிறவர் வேண்டாம் என்று சொன்னதால் எனக்கு அவரில் நம்பிக்கை கூடியது.

"அப்ப இனிப் பயமில்லை" என்றேன்.

"ஒரே அலுமாரிக்குள்ளை ரெண்டு கொப்பி வைச்சமாதிரித்தானே அக்கா. கரையான் வந்தா ரெண்டையும் அரிக்கும். நெருப்பு, கள்ளன், இடி, எல்லாத்துக்கும் அப்பிடித்தான். இன்னொரு பிரதி வேறை இடத்திலை இருக்கவேணும். தூரமா இருந்தா இன்னும் நல்லது."

வேறு இடம் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த இடத்தைத் தேடுவதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கணினியில் மாதாமாதம் வாடகை கட்டி வைக்கலாம் என்றார். எங்கள் வீட்டு இணைய வேகத்தைச் சொன்னேன். விரலை மடித்துக் கணக்குப் பார்த்துவிட்டு, "அடுத்த சித்திரைக்கு ஏத்தி முடிப்பியள்" என்றார். அதைவிட, வாடகை கட்டும் வங்கிக் காட் காலாவதியானால் எங்கள் ஊர்ச் செத்தவர்கள் எல்லாரும் காலாவதி ஆகிவிடுவார்கள். அது எனக்குச் சரிவரவில்லை. கனடாவில் இருக்கிற தம்பி தன் நிலவறையில் வைக்கிறேன் என்றான். அவன் நல்லவன்தான், ஆனால் வந்த நாளில் இருந்து ஐந்து வீடு மாறிவிட்டான். நான் அனுப்பிய ஒடியல் மாவையே இரண்டு தரம் தொலைத்தவனிடம் இதைக் கொடுக்க மனம் வரவில்லை.

பிறகு திறப்புகள், பூட்டிய வீட்டுச் சாவிகள், நினைவுக்கு வந்தன. எங்கள் ஊரில் பாதி வீடுகள் பூட்டியபடி. சொந்தக்காரர் லண்டனிலும் சுவிசிலும், திறப்பு அயலில். என் மேசை லாச்சியிலும் மூன்று வீட்டுத் திறப்புக் கிடக்கிறது. வீடுகள் புதுசு, மாபிள் போட்டது, கரண்ட் இருக்கிறது. ஆனால் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் திரும்பும்போது பிரதான சுவிட்சை அமத்திவிட்டுத்தான் போவார்கள். எத்தனை தரம் சொன்னாலும் கை தானாகப் போகும். தவிர அந்த வீடுகளுக்கு மேலேயும் எங்கள் வீட்டுக்கு மேலே நிற்கிற அதே முகில்தான் நிற்கும்.

கடைசியில் மச்சாளைச் சொன்னது இவர்தான். மச்சாள் என்பது இவருடைய தங்கை. அனலைதீவில் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கலியாணம் செய்யவில்லை. வீட்டில் தனி ஆள். ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறினால் போய்விடலாம், ஆனால் இடையில் கடல் இருக்கிறது. எங்கள் வீட்டில் எரிகிற நெருப்பு அங்கே போகாது. சொல்லிவிட்டு இவரே சிரித்தார். "அவளுக்கு ரீவி போடத் தெரியாது. நீர் அவளிட்டைக் குடுக்கிறீர்."

தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது மச்சாள் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "சத்தம் போடுமோ?"

"இல்லை, ஒரு சின்ன லைற் மட்டும் மினுங்கும்."

"அப்பச் சரி."

இரண்டு பெட்டி வாங்கி, கடைக்காரர் சொன்னபடி இரண்டையும் முதலில் எங்கள் வீட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் பிரதி பண்ணினேன். அதற்கு நாலு நாள். அதன்பின் அன்றன்றைக்குச் சேர்கிறது மட்டும் இணையத்தில் போனால் போதும். மச்சாள் வீட்டுக்கு சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று வாங்கினோம். பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து, வள்ளத்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர் அதுக்குள்ளை என்ன என்று கேட்டார். நான் வாய் திறக்கமுதல் இவர், "எங்கட ஊரிலை செத்த ஆக்கள் எல்லாரும்" என்றார். அந்த மனுஷர் அனலைதீவு வரும்வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

மச்சாளுடைய முன்னறையில் தையல் மெசினுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தோம். பச்சை லைற் எரிந்தது. "இது மினுங்கினா எங்கட வீட்டிலையிருந்து ஏதோ வருகுது எண்டு அர்த்தம். கழட்டக்கூடாது. பகலும் இரவும் எரியவேணும்" என்றேன். மச்சாள் தலையாட்டினார். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையும் ஒன்றும் விளங்காமல் அப்படித்தான் தலையாட்டும், அதை அவருக்கே நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

நாலு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்கள் வீட்டுப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. பிரதி சரியாகப் போனால் வாயே திறக்காது. போகாவிட்டால் மட்டும் மின்னஞ்சலில் புலம்பும். ஒருக்கால் அங்கிருந்து ஒரு கோப்பைத் திருப்பி எடுத்துப் பாருங்கோ, எடுத்துப் பார்க்காத பிரதியை நம்பக்கூடாது என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் பார்க்கவில்லை. இன்றைக்குச் செய்வோம், நாளைக்குச் செய்வோம் என்று இருந்துவிட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் முதல் இடி முழங்கியது. அன்று பின்னேரமே மின்னஞ்சல் வந்தது, அனலைதீவுப் பெட்டியோடு தொடர்பு இல்லை என்று. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாள் மூன்று. மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கழட்டினனான்" என்றார், ஒரு கூச்சமும் இல்லாமல்.

"ஏன் கழட்டினனீர்? நான் என்ன சொன்னனான்?"

"வானம் கறுத்து மின்னுது. கழட்டாம விடுறதோ? ரீவி, பிறிட்ஜ், எல்லாம் கழட்டிப்போட்டுத்தான் இருந்தனான்."

இதை மச்சாளின் பிழை என்று மட்டும் சொல்ல ஏலாது. எங்கள் பக்கத்தில் மழை இருட்டினால் உடுப்பு எடுக்கமுதல் பிளக்கைத்தான் கழட்டுவார்கள். வெட்டை நிலம், பனையை விட்டால் உயரமாக ஒன்றும் இல்லை, இடி எங்கே விழும் என்று தெரியாது. பிறந்த நாளில் இருந்து பழகிய கை. ஆனால் நான் இடிதாங்கும் பிளக், யு.பி.எஸ். எல்லாம் வாங்கிப் பூட்டியிருந்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

"உமக்கு ஒண்டும் விளங்காது மச்சாள். அது சும்மா பெட்டி இல்லை. நீர் கழட்டினா நான் செய்யிற வேலை எல்லாம் வீண்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"அப்ப நீரே வந்து காவல் இரும்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. மின்னஞ்சல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்ததால் அவை கண்ணில் படாமல் வேறொரு கோப்புறைக்குப் போகும்படி செய்துவிட்டேன். தானாக மனம் மாறிப் போடட்டும் என்று இருந்தேன். அது வீம்பு. வேறு சொல் தேடத் தேவையில்லை.

அந்தக் கிழமைதான் நயினாதீவில் இருந்து ஒரு அக்கா வந்தார். அறுபது வயதுக்கு மேல். கணவர் செத்து இரண்டு கிழமை. கல்வெட்டு அடிக்கவேண்டும். ஒரு கடித உறையில் ஐந்து படங்கள் கொண்டுவந்திருந்தார். நாலு கணவருடையவை. ஐந்தாவதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இதைப் புத்தகத்திலை போடவேண்டாம் பிள்ளை. எடுத்து உம்மட பெட்டிக்குள்ளை மட்டும் வைச்சிரும்."

நிமிர்த்திப் பார்த்தேன். ஆறு வயதுப் பெண்பிள்ளை, வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். இறங்குதுறையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வெயிலுக்குக் கண் சுருங்கியிருக்கிறது. படத்தின் ஓரத்தில் ஒரு ஆணின் கை மட்டும் தெரிகிறது, பிள்ளை அந்தக் கையின் ஒரு விரலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. படத்தின் ஒரு மூலை உப்புக்காற்றில் உரிந்து போயிருந்தது.

"மகள். காய்ச்சலிலை போனவள். இது தகப்பன்ர கை. வேறை படம் இல்லை" என்றார்.

எங்கள் ஆட்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கல்வெட்டு அடிப்பதில்லை. முப்பது வருடத்துக்கு முன் அந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் அடிக்கவில்லை. தகப்பனுடைய புத்தகத்தில் போடலாமே என்று நான் கேட்டேன். "அண்டைக்கு அவளுக்கெண்டு ஒண்டும் செய்யேல்லை. இப்ப இன்னொராளின்ர புத்தகத்திலை ஒரு மூலையிலை ஏன்?" என்றார். உரிந்த மூலையில் ஒன்றும் ஒட்டாமல், ஒன்றையும் திருத்தாமல், இருந்தபடியே ஸ்கான் பண்ணினேன். நாலு படங்கள் அச்சகத்துக்குப் போயின. ஐந்தாவது எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் மட்டும் போனது.

அந்தியேட்டி முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, அந்த அக்கா கோயிலுக்குப் போய் வந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். புத்தகம் வடிவாக இருக்கிறது என்று சொன்னார். பிறகு, "மகளின்ர படத்தை அவரோடை விட்டிட்டன்" என்றார்.

விளங்காமல் கேட்டேன்.

"கீரிமலையிலை காரியம் செய்யேக்கை கடலிலை விட்டிட்டன், பிள்ளை. அவர் தனியப் போகக்கூடாது. உம்மிட்டை ஒண்டு இருக்குத்தானே, அந்தத் துணிவிலைதான் விட்டனான். இருக்குதோ?"

"இருக்கு அக்கா" என்றேன். அப்போது உண்மையாகவே இருந்தது.

அடுத்த வெள்ளியும் எடுத்தார். அதற்கடுத்த வெள்ளியும். வேறு கதை ஒன்றும் இல்லை. "இருக்குதோ பிள்ளை?" "இருக்கு அக்கா." அனுப்பிவிடட்டோ என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம், தன்னால் இப்போது பார்க்க ஏலாது, இருந்தால் போதும் என்றார்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நான் வேலணையில் ஒரு வீட்டுக்குப் பிழை திருத்திய பக்கங்களைக் காட்டப் போயிருந்தேன். அங்கேயே இடி முழங்கத் தொடங்கிவிட்டது. அந்த வீட்டுக்காரர் ஓடி ஓடிப் பிளக்குகளைக் கழட்டினார்கள். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது இவர் அலுவலக அறை வாசலில் நின்றார். "உள்ளை ஒரு மணம் வருகுது" என்றார். ரப்பர் எரிந்த மணம். ரவுட்டர் கறுத்துப் போயிருந்தது. பெட்டி எரியவில்லை, ஆனால் உயிர் இல்லை. கணினியும் அப்படியே. யு.பி.எஸ். மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி முற்றத்தில் எறியவேண்டும் போல் இருந்தது.

அன்று பின்னேரம் மச்சாள் மூன்று தரம் எடுத்தார். செய்தி எப்படியோ போய்விட்டது, கழட்டாததற்குக் குத்திக்காட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்து நான் எடுக்கவில்லை. இவர் எடும், எடும் என்றார். நாளைக்கு எடுக்கிறன் என்றேன். அங்கே இருக்கிற பெட்டி புரட்டாசியோடு நின்றுபோய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்ததை அவர் வாயால் வேறு கேட்கவேண்டுமா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு நயினாதீவு அக்கா எடுத்தார்.

"இருக்குதோ பிள்ளை?"

"இருக்கு அக்கா" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு தாய் பிள்ளையின் ஒரே படத்தை என்னை நம்பிக் கடலில் விட்டிருக்கிறார். நான் செத்த பெட்டிக்கு முன்னால் இருந்துகொண்டு இருக்கு என்கிறேன். வெட்கமாக இருந்தது. இவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரவுணுக்குப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்தார். இடி கரண்ட் வயரால் வரவில்லை, ரெலிபோன் வயரால் ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து பெட்டிக்கும் கணினிக்கும் போயிருக்கிறது என்றார். கரண்ட் பக்கம்தான் நான் காவல் போட்டிருந்தேன். இரண்டு டிஸ்கும் போய்விட்டன. "பரவாயில்லை அக்கா, மற்றது இருக்குத்தானே" என்றார். நான் யன்னலைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. போய்ப் பாருங்கோ என்று தன்னுடைய மடிக்கணினியை இரவல் தந்தார்.

ஞாயிறு கடல் கொந்தளிப்பு, வள்ளம் ஓடவில்லை. திங்கள் காலைதான் அனலைதீவுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். மச்சாள் வாசலில் நின்றார்.

"இப்பதான் வழி தெரிஞ்சதோ?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாரும், உள்ளை வாரும்" என்றார்.

தையல் மெசினுக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. பச்சை லைற் எரிந்தது. அதற்கு முன்னால் ஒரு கதிரை போட்டிருந்தது. நான் மடிக்கணினியைக் கொழுவினேன். இரண்டு தரம் கடவுச்சொல் பிழைத்தது. புரட்டாசி திறந்தேன், இருந்தது. ஐப்பசி இருந்தது. நயினாதீவு என்று நான் பெயர் போட்ட கோப்புறை இருந்தது. உள்ளே ஐந்து படங்கள்.

ஐந்தாவதைத் திறந்தேன். பிள்ளை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. நான் அந்தக் கதிரையில் இருந்து அழுதேன். மச்சாள் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

"நீர் கழட்டிப்போட்டிருந்தனீர்தானே?" என்று கேட்டேன், கொஞ்சம் ஆறிய பிறகு.

"வானம் கறுத்தாக் கழட்டுவன். வெளிச்சவுடனை திரும்பப் போடுவன். போட்டவுடனை மினுங்கும். நீர்தானே சொன்னனீர், மினுங்கினா உங்கட வீட்டிலையிருந்து வருகுதெண்டு. கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து பாப்பன். நீர் கோவத்திலை கதைக்காம விட்ட நாளெல்லாம் இது மினுங்கினது. சரி, கோவமெண்டாலும் அங்கை எழும்பி வேலை செய்யினம், சுகமாத்தான் இருக்கினம் எண்டு நினைப்பன்." பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வியாழக்கிழமை இஞ்சை மழையே இல்லை. ஆனா மினுங்கேல்லை. பின்னேரம் வரைக்கும் பாத்துப்போட்டுத்தான் உமக்கு எடுத்தனான். நீர் எடுக்கேல்லை."

மின்னஞ்சல்களைக் கண்ணில் படாமல் ஒதுக்கியிருந்ததால், அவை இடையிடையே நின்றதும் எனக்குத் தெரியவில்லை. குத்திக்காட்ட எடுத்தார் என்று நான் நினைத்த அந்த மூன்று அழைப்பும் எங்களுக்கு என்ன நடந்ததோ என்று கேட்கத்தான். நான் விட்ட பிழைகளில் இதுதான் பெரிசு என்று இப்பவும் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "விசர்க்கதை கதையாதையும், சாப்பிட்டுட்டுப் போம்" என்றார். மடிக்கணினியை மூடப் போனபோது, "கொஞ்ச நேரம் இருக்கட்டும், மூடாதையும்" என்றார். அந்தப் பிள்ளையைச் சாப்பாடு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பித்த கண். "ஒண்டாம் வகுப்பு" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது.

"இருக்குதோ பிள்ளை?"

"இருக்கு அக்கா" என்றேன். பிறகு நடந்ததெல்லாம் சொன்னேன். இடி விழுந்தது, இங்கே இருந்தது போனது, போன வெள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே இருக்கு என்று சொன்னது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பொய்க்கு மேலே இன்னொரு பதிலை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"இப்ப எங்கை இருக்குது?" என்று கேட்டார்.

"அனலைதீவிலை அக்கா. என்ர மச்சாள் வீட்டிலை. எனக்குப் புதுப் பெட்டி வருமட்டும் அங்கைதான் இருக்கும்."

"அனலைதீவோ" என்றார். பிறகு மெல்லமாக, "என்ர மகள் வள்ளம் ஏறமாட்டாள் பிள்ளை. கடலெண்டாச் சரியான பயம். ஒரு இடமும் தனியப் போனதில்லை."

"மச்சாள் பக்கத்திலைதான் இருக்கிறா அக்கா" என்றேன். "கதிரை போட்டுக்கொண்டு இருக்கிறா."